கயவாகு என்னும் நங்கூரம்

ஆராய்ச்சி என்னும் சொல் இக்காலத்திற் பெருவழக்காய்விட்டது. நூலின் முகவுரை ஆராய்ச்சி முன்னுரையாயிற்று. விழாமலரில் இடம்பெறும் பாராட்டுரையும் ஆராய்ச்சிக் கட்டுரை என்னும் பெயரைத் தாங்கி வருகின்றது. அடிக்குறிப்புகள் மிகுந்திருப்பின் ஆராய்ச்சி என்றும், நூற்பெயர்கள் பல அடுக்கப்பட்டிருப்பின் ஆழ்ந்த ஆராய்ச்சி என்றும் கொள்ளும் மனப்பான்மை மாணவரிடத்து மாத்திரமன்றி ஆசிரியரிடத்தும் காணப்படுகின்றது. ஆயின் ஒரு வாதத்தின் வலிமை, அதற்குத் துணைநிற்கும் சான்றுகள் ஒன்றையொன்று சாராது தனித்து நிற்கின்றனவா என்பதிலே தங்கியுள்ளது. ஒருவர் சொன்னதையே பதின்மர் திருப்பிச் சொல்வராயின், ஆண்டுப் பத்துச் சாட்சியில்லை. ஒரு சாட்சியே உண்டு. நீதிமன்றத்தில் வழக்குரைப்போர் நன்கறிந்த இவ்வுண்மை இலக்கிய வரலாற்றில் எத்துணை எளிதாக மறக்கப்படுகின்றது என்பதற்குத் தமிழ் கற்போர் யாவரும் அறிந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சிலப்பதிகாரத்தின் காலத்தையும், அதன்வழிச் சங்ககாலத்தையும் கணிப்பதற்கு நெடுநாளாகக் கையாளப்பட்டுவரும் கயவாகு வாதமே அது.

அவ்வாதத்தின் சுருக்கம் வருமாறு. சிலப்பதிகாரத்து வஞ்சிக்காண்டத்தின் இறுதிக் காதையாகிய வரந்தரு காதையிலே, சேரன் செங்குட்டுவன் பத்தினித் தெய்வத்துக்கு எடுத்த கோயிலில் வந்து வழிபட்ட வேற்றுநாட்டரசருள் இலங்கை வேந்தனாகிய கயவாகுவும் ஒருவன் எனச் சொல்லப்படுகின்றது. அவ்வரசர் தத்தம் நாட்டிலும் தெய்வம் எழுந்தருளவேண்டும் என வேண்டி வரம்பெற்றனர். இலங்கையின் பாளி வரலாற்று நூல்களிலோ கஜபாகு என்னும் பெயருடைய அரசர் இருவரே காணப்படுகின்றனர். ஒருவன் கி. பி. 2ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்திலிருந்து 22 ஆண்டு ஆட்சிசெய்தவன். மற்றவன் 12ஆம் நூற்றாண்டிற் பொலன்னறுவையிலிருந்து ஆண்டவன். சிலப்பதிகாரம் 12ஆம் நூற்றாண்டு நூலாதல் இயலாது. ஆதலின் அந்நூல் கூறுபவன் முதலாங் கஜபாகுவே. ஆதலிற் செங்குட்டுவனும் 2ஆம் நூற்றாண்டினன். அவன் தம்பியாகிய இளங்கோவடிகளும் அக்காலத்தவரே. செங்குட்டுவனைப் பாடிய பரணரும், பரணரோடு ஒருகாலத்தவராகக் கருதப்படும் கபிலரும், அவர்களாற் பாடப்பட்ட வேந்தரும் வேளிரும் ஒருவர்பின் ஒருவராக இவ்வொரு தறியிலே பிணிக்கப்பட்டனர். ஆங்கிலத்தில் எழுதிய வரலாற்றாசிரியர் இதனைத் தமிழ்நாட்டுக் காலவரலாற்றின் நங்கூரம் என வழங்கினர்.

இவ்வாதத்தின் பிறப்பில் ஈழத்தவர்க்குப் பெரும்பங்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியிற் குமாரசுவாமி என்னும் ஈழத்தறிஞர் இப்பெயரொற்றுமையை எடுத்துக்காட்டினார். மல்லாகம் விசுவநாதபிள்ளையின் மைந்தரும், சென்னையில் அஞ்சற்பகுதி உத்தியோகம் பார்த்தவருமாகிய வி. கனகசபைப்பிள்ளை, 1904இல் வெளிவந்த ‘ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகட்கு முற்பட்ட தமிழர்’ என்னும் ஆங்கில நூலில் அதனையே தம் காலக்கணக்குக்கு அடிப்படையாகக் கொண்டார். அக்காலத்து நிலையை நோக்கும்போது இவ்வறிஞரது முயற்சி பெரிதும் பாராட்டத்தக்கது. முச்சங்கமும் 9990 ஆண்டு நிலவின என இறையனார் அகப்பொருளுரை கூறும் கணக்கை அப்படியே ஒப்புக்கொள்வோர் ஒருபுறமும், தமிழிலக்கியத்துக்குப் பழமையே இல்லை என எள்ளி நகையாடுவோர் ஒருபுறமுமாக நின்ற காலம் அது. தமிழ்மரபுக்குப் புறத்தேயுள்ள ஒரு வரலாற்று நூலைத் துணைக்கொண்டு தமிழ்நூற் செய்தியை அளந்து பார்க்கவேண்டும் என்னும் எண்ணம் அன்று புதுமையானது. வாதத்தின் முடிவு நிலைக்குமாயினும் நிலையாதாயினும், அவ்வெண்ணம் நிலைக்கவேண்டியதே.

ஆயின் வாதம் தோன்றிய அந்நாளிலேயே அதற்குத் தடையும் எழுந்தது. தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளைப் பதிப்பித்த ஹுல்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர், குமாரசுவாமியின் நுண்ணறிவுக்கு மதிப்பளித்தே, இரண்டு நிபந்தனைகளை முன்வைத்தார். இரு கஜபாகுக்களும் ஒருவரே என்பது பெயரொற்றுமையால் மாத்திரமன்றி அகக்காரணங்களாலும் நிறுவப்படல்வேண்டும் என்பது ஒன்று. இலங்கையின் பழைய வரலாற்றுக் காலக்கணக்கு முதலில் நன்கு ஆராய்ந்து தெளியப்படல்வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரு நிபந்தனைகளும் நிறைவேறாமலே வாதம் நிறைவேறிற்று. பின்வந்த வரலாற்று நூல்கள் கனகசபைப்பிள்ளையைச் சுட்டின. பாடநூல்கள் அவ்வரலாற்று நூல்களைச் சுட்டின. பரீட்சை விடைகள் பாடநூல்களைச் சுட்டின. நீலகண்ட சாஸ்திரியார் போன்ற பெருமக்களும் ஒப்புக்கொண்டமையால் ஐயத்துக்கு இடமில்லாத உண்மையாகவே அது வழங்கலாயிற்று. ஹுல்ஷ் கேட்ட கேள்விக்கு விடை கூறியோர் மிகச் சிலர். அவர் கேட்டார் என்பதனையே அறியாதோர் மிகப் பலர்.

முதலாவதாக ஆராயவேண்டியது, சிலப்பதிகாரம் தான் கூறும் நிகழ்ச்சிக்கு நேர்ச்சாட்சியோ என்பது. நேர்ச்சாட்சியெனக் கொள்வதற்கு ஆதாரம், நூலாசிரியர் செங்குட்டுவனின் தம்பி என்பதாகும். அச்செய்தி எங்கிருந்து கிடைக்கின்றது? நூலின் பதிகத்திலிருந்தும், கயவாகுவைக் கூறும் அதே வரந்தரு காதையிலிருந்துமே கிடைக்கின்றது. தேவந்திமேற் பத்தினித்தெய்வம் ஆவேசித்து, நிமித்திகன் உரையைப் பொய்யாக்க அடிகள் துறவுபூண்ட வரலாற்றை எடுத்துரைப்பதாக அமைந்த பகுதி அது. சங்கப்பாடல்களில் எவ்விடத்தும் செங்குட்டுவனுக்கு இத்தகைய தம்பி ஒருவர் இருந்த செய்தியில்லை. எனவே வாதம் ஒரு வட்டத்திற் சுழல்கின்றது. கயவாகு வந்தான் என்பதை நம்புவதற்குக் காரணம் ஆசிரியர் அக்காலத்தவர் என்பது. ஆசிரியர் அக்காலத்தவர் என்பதற்குக் காரணம் கயவாகுவின் காலம். வட்டத்தின் இரு பாதியையும் தனித்தனியே காண்போர்க்கு அவை இரண்டு சான்றுகள் போலத் தோன்றுகின்றன.

இவ்வட்டத்தை உடைத்து வெளியேறுவதற்குச் செங்குட்டுவனைப் பற்றிய வேறு நூல் வேண்டும். அதுவும் உண்டு. பதிற்றுப்பத்தின் ஐந்தாம்பத்து, கடல் பிறக்கோட்டிய செங்குட்டுவன்மேற் பரணர் பாடியது. கடற்போரையும் வேறு வெற்றிகளையும் கொடையையும் பரணர் விரிவாகப் பாடுகின்றார். பத்தினிக்குக் கல்லெடுக்க வடநாடு சென்றமையையோ, கோயில் எடுத்தமையையோ, இலங்கை வேந்தன் வந்தமையையோ அப்பாடல்களிற் கூறினாரல்லர். பத்தினிக்குக் கல்கொண்ட செய்தி அப்பத்தின் பதிகத்திலேதான் வருகின்றது. பதிகங்கள் பாடல்களுக்குப் பின்னர்த் தொகுத்தோராற் சேர்க்கப்பட்டன என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டது. வடநாட்டுச் செலவு பரணர் பாடிய பின்னரே நிகழ்ந்தது என இதற்கு அமைதி கூறுவாரும் உளர். அது நிகழக்கூடியதே. ஆயினும் நிகழக்கூடியது என்பது நிகழ்ந்தது என்பதற்குச் சான்றாகாது.

நூலின் காலத்தை நூலினுள்ளேயே காட்டும் குறிப்பு ஒன்று இவ்விடத்துச் சிந்திக்கத்தக்கது. கட்டுரைகாதையில் மதுராபதித்தெய்வம் கண்ணகிக்கு உரைக்கும்போது, ஆடித்திங்கள் தேய்பிறை அட்டமியும் கார்த்திகை நாளும் வெள்ளிக்கிழமையும் கூடிய நாளில் மதுரை எரியுறும் என்னும் பழைய உரையொன்றைக் குறிப்பிடுகின்றது. திதியும் நாண்மீனும் இந்நாட்டிற் பழமையானவை. கிழமை அத்தகையதன்று. இந்தியக் கல்வெட்டுக்களில் ஆண்டு துணியப்பட்டு, கிழமையும் குறிக்கப்பட்டவற்றுள் மிகப் பழையதாகப் பொதுவாகக் கொள்ளப்படுவது, குப்தப் பேரரசன் புதகுப்தன் காலத்து ஏரண் தூண் கல்வெட்டு. அதன் ஆண்டு கி. பி. 484. கல்வெட்டில் ஏறுமுன்னரே கிழமை வழக்கில் இருந்திருக்கலாம். எனினும் 2ஆம் நூற்றாண்டிலே தமிழ்ப்புலவர் ஒருவர் விளக்கம் எதுவும் வேண்டாத பொதுச்சொல்லாக அதனைக் கையாண்டார் எனக் கொள்வதற்கு மிகுந்த துணிவு வேண்டும்.

இதற்கு விடையாக அவ்வடிகள் இடைச்செருகல் எனச் சிலர் கூறுவர். நூலின் முன்னேயுள்ள உரைபெறு கட்டுரையும் பிற்சேர்க்கையே என்பர் வேறு சிலர். ஆடித்திங்களில் இலங்கைக் கயவாகு விழாவெடுத்த செய்தி அதிலும் வருகின்றது என்பதனை ஈண்டு மறத்தலாகாது. தமது முடிவுக்கு இடையூறான பகுதியைச் செருகல் எனத் தள்ளி, துணையான பகுதியை மூலம் எனத் தழுவுவது ஆராய்ச்சி நெறியாகாது. கிழமையைக் கூறும் ஏடும் கயவாகுவைக் கூறும் ஏடும் ஒரே கட்டில் வந்தவை. ஒன்றைத் தள்ளுவதற்குக் கூறும் காரணம் மற்றொன்றையும் தொடுமாயின், இரண்டையும் ஒரே தராசில் இடுதல் வேண்டும்.

நிற்க, இலங்கையின் பக்கம் செல்வோம். வாதத்தின் உயிர்நிலை இங்கேயே உள்ளது. ஏனெனில் தமிழ்நூலுக்குப் புறத்தேயுள்ள சாட்சி எனப்பட்டது இதுவே. மகாவம்சத்தின் 35ஆம் அதிகாரத்திற் கஜபாகுக காமணி என்னும் மன்னனின் ஆட்சி கூறப்படுகின்றது. அவன் விகாரங்கள் எடுப்பித்ததும் வாவி அமைத்ததும் அங்கே உள. அவன் கடல்கடந்து சென்றான் என்றோ, சேரனைக் கண்டான் என்றோ, பத்தினிவழிபாட்டைக் கொணர்ந்தான் என்றோ ஒரு சொல்லும் இல்லை. மகாவம்சம் மகாவிகாரைப் பிக்குகளின் நோக்கோடு எழுதப்பட்டது. தெய்வவழிபாட்டுச் செய்தியை அது கூறாதுவிட்டது வியப்பன்று. ஆதலின் அதன் மௌனத்தை மறுப்பாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஆயின் மௌனத்தை உடன்பாடாகக் கொள்வதும் அவ்வாறே பொருந்தாது. இப்பின்னைய பிழையே பலராலும் இழைக்கப்பட்டது. ‘மகாவம்சமும் இதனை உறுதிப்படுத்துகின்றது’ என்னும் வாக்கியம் எத்தனையோ கட்டுரைகளிற் காணப்படுகின்றது. மகாவம்சம் உறுதிப்படுத்துவது இப்பெயருடைய அரசன் ஒருவன் இருந்தான் என்பதனை மாத்திரமே.

கடல்கடந்த கதை சிங்கள நூல்களிற் பிற்காலத்தே தோன்றி வளர்கின்றது. 13ஆம் நூற்றாண்டினதாகிய பூஜாவலிய, சோழநாட்டுக்குச் சிறைபிடித்துச் செல்லப்பட்ட பன்னீராயிரவரைக் கஜபாகு மீட்டுவந்தான் எனக் கூறுகின்றது. 17ஆம் நூற்றாண்டை ஒட்டிய இராஜாவலியவிலே, நீலன் என்னும் வீரனோடு சென்ற மன்னன் இரும்புத்தண்டாற் கடலை அடித்து வழிவிடச் செய்ததும், பன்னீராயிரவரோடு மேலும் பன்னீராயிரவரைக் கொணர்ந்ததும், பாத்திரதாதுவையும் பத்தினித்தெய்வத்தின் சிலம்புகளையும் எடுத்துவந்ததும் இடம்பெறுகின்றன. காலம் செல்லச்செல்ல நிகழ்ச்சி தெளிவாகிக்கொண்டே வருவது வரலாற்றின் இயல்பன்று, கதையின் இயல்பு. அன்றியும் இக்கதையில் எதிரி சோழன். சேரனுமில்லை, செங்குட்டுவனுமில்லை, வஞ்சிமாநகர் விழாவுமில்லை. தமிழ்நூல் நட்பரசனாகக் காட்டுபவனைச் சிங்களக்கதை படையெடுத்தவனாகக் காட்டுகின்றது. இவ்விரண்டையும் ஒன்றற்கொன்று சான்றாக நிறுத்தியோர் பெயரை மாத்திரம் ஒப்பிட்டனர், செய்தியை ஒப்பிட்டாரல்லர்.

இதனை ஒப்பிட்டு ஆராய்ந்தவர் கணநாத் ஒபயசேகர. 1970இல் வெளிவந்த தம் கட்டுரையிலும், 1984இல் வெளிவந்த பத்தினிவழிபாடு பற்றிய பெருநூலிலும், கஜபாகு கதையை அவர் மானிடவியல் நோக்கில் ஆராய்ந்தார். தென்னிந்தியாவிலிருந்து பல காலங்களில் வந்து குடியேறிய மக்கள் இந்நாட்டிற் பல பகுதிகளில் வாழ்கின்றமைக்குக் காரணங்கூறும் குடியேற்றக் கதையாகவும், பத்தினிச் சடங்குகளோடு பிணைந்த புராணமாகவும் அவர் அதனை விளக்கினார். செங்குட்டுவன் காலத்தை அதன்மேல் நிறுவலாகாது என்பது அவர் முடிவு. சடங்குப்பாடல்களையும் ஊர்க்கதைகளையும் அவர்போற் பரந்து தொகுத்து நோக்கியோர் அரியர். எனினும் அவர் வாதத்துக்கும் எல்லை உண்டு. ஒரு கதை எதற்குப் பயன்பட்டது என்று காட்டுவது, அது எங்கிருந்து தொடங்கியது என்று காட்டுவதாகாது. குடியேற்றத்துக்கு விளக்கமாகப் பயன்பட்ட கதையிலே மெய்யான அரசன் ஒருவனின் நினைவு புதைந்திருத்தலும் கூடும்.

மேலும், தமிழ்ப்பக்கத்தில் ஒரு வினா எஞ்சிநிற்கின்றது. 12ஆம் நூற்றாண்டுக்கு முன் இப்பெயர் கொண்ட இலங்கையரசன் ஒருவனே. சிலப்பதிகாரம் அந்நூற்றாண்டுக்கு முற்பட்டதென்பது யாவர்க்கும் உடன்பாடு. ஆகவே புலவர் கேள்வியுற்றிருந்த கயவாகு முதலாமவனேயாதல் வேண்டும். பல நூற்றாண்டு கழித்தும் தமிழ்நாட்டிலே பத்தினிக்கோயிற் கதையோடு அவன் பெயர் ஏன் ஒட்டிநின்றது? இவ்வினாவை ஒபயசேகரவின் விளக்கம் முற்றாகத் தீர்க்கவில்லை. கயவாகு வாதத்திலிருந்து கழிக்கவேண்டியவற்றைக் கழித்தபின் எஞ்சுவது இதுவே. பழைய இலங்கை மன்னன் ஒருவனைப் பத்தினிவழிபாட்டோடு இணைக்கும் மரபு சிலப்பதிகாரத்தின் காலத்திலே தமிழ்நாட்டில் இருந்தது. சிறிய முடிபாயினும் உறுதியானது. இருநாட்டுச் சமயவரலாற்றுக்கும் பயன்படுவது. கண்டி எசலப் பெரஹெராவிற் பத்தினி தேவாலயம் பங்குகொள்வதும், உரைபெறு கட்டுரை ஆடித்திங்களைக் கூறுவதும் இம்மரபின் தொடர்ச்சியை ஆராய்வோர்க்குச் சுவையான செய்திகளாகும்.

ஹுல்ஷ் கேட்ட இரண்டாம் நிபந்தனையைப் பற்றி நீளப் பேசவேண்டியதில்லை. புத்தர் பரிநிருவாணம் கி. மு. 543 அல்லது 544 என்னும் மரபுக்கணக்கைக் கொள்ளின் முதலாங் கஜபாகு 2ஆம் நூற்றாண்டின் முற்பகுதியினன். கைகர் முதலியோர் கொண்டவாறு கி. மு. 483 எனக் கொள்ளின் அந்நூற்றாண்டின் பிற்பகுதியினன். இடைவெளி ஏறத்தாழ 60 ஆண்டு. இரு தலைமுறைக்கு அங்குமிங்கும் அசையும் நங்கூரத்திற் கட்டிய கப்பல், இத்தனையாம் ஆண்டில் இன்ன வேந்தன் முடிசூடினான் என்னும் நுட்பமான அட்டவணைகளைத் தாங்கமாட்டாது. அத்தகைய அட்டவணைகள் பாடநூல்களில் நிரம்ப உள.

கயவாகு வாதத்தை மறுத்தோர் யாவரும் அதனிலும் சிறந்த வாதத்தைத் தந்தனர் என்று கொள்வதற்கில்லை. காலக்கணிதத்திற் பெரும்புலமை வாய்ந்த எல். டி. சுவாமிக்கண்ணுப்பிள்ளை, மேற்கூறிய ஆடித்திங்கட் குறிப்பையும் அடியார்க்குநல்லார் உரையிற் காணும் நாட்கணக்கையும் கொண்டு, மதுரை எரியுண்ட ஆண்டு கி. பி. 756 எனக் கணித்தார். கணிதத்திற் குற்றங் காண்பது அரிது. ஆயின் புலவர் மெய்யான ஒரு நாளைக் குறித்துவைத்தார் என்பது யாங்ஙனம் பெறப்பட்டது? பல நூற்றாண்டு பிற்பட்ட உரையாசிரியர் அந்நாளை அறிந்திருந்தார் என்பது யாங்ஙனம் பெறப்பட்டது? திதியும் நாளும் கிழமையும் கூடும் கூட்டம் நூற்றாண்டுதோறும் மீண்டும் மீண்டும் வருவது. அவற்றுள் ஒன்றைத் தெரிவதற்குக் கணிதத்துக்குப் புறத்தேயுள்ள காரணம் வேண்டும். ஆண்டு திட்பமாக எழுதப்பட்டவுடன் ஐயம் நீங்கிற்று என மயங்குவோர் பலர். எண்கள் உண்டாக்கும் மயக்கம் பெயர்கள் உண்டாக்கும் மயக்கத்திலும் கொடிது.

பேராசிரியர் எஸ். வையாபுரிப்பிள்ளையின் நிலை வேறு. சென்னைச் சர்வகலாசாலைத் தமிழகராதியின் பதிப்பாசிரியராய்ச் சொல்லின் வரலாற்றிற் பழகிய அவர், மொழிநடை, சொல்லாட்சி, வடநூற்சார்பு என்பவற்றைக் கொண்டு சிலப்பதிகாரத்தை 8ஆம் நூற்றாண்டை ஒட்டிவைத்தார். இம்முடிபு வெளியானபோது அவர்க்குக் கிடைத்த விடையிற் பெரும்பகுதி விடையாக அமையவில்லை. தமிழின் பழமையைக் குறைத்தவர் என்னும் பழி அவர்மேற் சுமத்தப்பட்டது. அவர் எடுத்துக்காட்டிய சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்தோர் சிலரே. தமிழ்ப்பற்று ஆராய்ச்சிக்குத் தூண்டுகோலாய் இருத்தல் நன்று. அதுவே தீர்ப்புக் கூறும் நடுவராய் அமர்வதே தீங்கு. தாய்மொழியின் பெருமை ஒரு கயவாகுவின் வருகையால் நிலைத்து, ஒரு கிழமைப்பெயராற் சரிந்துவிடும் என அஞ்சுவோர், அம்மொழியை உண்மையில் எளிதாக எண்ணுவோரேயாவர்.

வையாபுரிப்பிள்ளையின் முறையிலும் ஆராயத்தக்க குறைகள் உள. பிற்காலச்சொல் மிகுந்த நூல் பிற்காலத்தது என்பது பொதுவிதி. எச்சொல் பிற்காலச்சொல் என்பதைத் துணிவதோ, எந்நூல்கள் முற்பட்டன என்று ஏற்கெனவே கொண்ட கருத்தைப் பொறுத்தது. இங்கும் ஒரு வட்டம் தலைகாட்டுகின்றது. சிலப்பதிகாரம் பிற்காலத்தது என்போர் காட்டும் சான்றுகளுள், அடைக்கலக்காதையில் வரும் கீரிப்பிள்ளையைக் கொன்ற பார்ப்பனியின் கதை ஒன்று. அது பஞ்சதந்திரத்தில் உள்ளது. ஆதலின் சிலப்பதிகாரம் பஞ்சதந்திரத்துக்குப் பிற்பட்டது என்பர். ஆயின் கீரியின் கதை வாய்மொழியாக நாடெங்கும் உலாவிய கதை. பஞ்சதந்திர ஆசிரியரும் அதனை எங்கிருந்தோ எடுத்தவரே. பெயர் ஒத்தமையால் ஒரே காலம் என்ற வாதமும், கதை ஒத்தமையால் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்ற வாதமும் ஒரு தாய் வயிற்றிற் பிறந்தவை.

இனி, கயவாகு வாதம் தளரின் சங்ககாலமே நிலைகுலையும் என்னும் அச்சத்துக்கு இடமுண்டோ? இல்லை. கிரேக்க உரோம ஆசிரியர் எழுதியவை உள. 79இல் இறந்த பிளினியும், செங்கடற் செலவுநூலின் ஆசிரியரும், 2ஆம் நூற்றாண்டுத் தொலெமியும் சேரர் பெயரையும் முசிறித் துறையையும் அறிந்திருந்தனர். முசிறியிலிருந்து ஏற்றப்பட்ட சரக்குக்களைப் பற்றிய கிரேக்கப் பாப்பிரசு ஒன்று 1985இல் அச்சேறியது. இவற்றிலும் சிறந்தது கல். கரூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டார் மலையிலே தமிழ்ப்பிராமி எழுத்தில் அமைந்த கல்வெட்டு, கோ ஆதன் செல்லிரும்பொறையின் மகன் பெருங்கடுங்கோவின் மகன் இளங்கடுங்கோ இளங்கோ ஆகியபோது, செங்காயபன் என்னும் சமணமுனிவருக்குப் பாழி அமைத்துக்கொடுக்கப்பட்டதைக் கூறுகின்றது. ஐராவதம் மகாதேவன் எழுத்தின் வடிவங்கொண்டு அதனை 2ஆம் நூற்றாண்டில் வைத்தார். இளங்கோ என்பது பட்டத்துக்குரிய இளவரசனைக் குறிக்கும் சொல்லாக இங்கு வந்திருப்பது சிலப்பதிகாரம் கற்போர்க்கு ஒரு சிறு விருந்து.

இவ்வாதம் எவ்வாறு அமைகின்றது என்பதைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். இங்கே ஒத்துவருவது ஒரு தனிப்பெயரன்று. தந்தை, மகன், பேரன் என மூன்று தலைமுறை ஒரே வரிசையில் வருகின்றன. குடிப்பெயர் இரும்பொறை, இடம் சேரரோடு தொடர்புடைய கருவூரின் அயல். எழுத்தின் காலத்தைத் துணிந்தது பதிற்றுப்பத்தைக் கொண்டன்று, ஆதலின் வட்டமில்லை. அம்மூவரைப் பதிற்றுப்பத்தின் ஏழாம் எட்டாம் ஒன்பதாம் பத்துக்களின் தலைவராகிய செல்வக்கடுங்கோ வாழியாதன், பெருஞ்சேரல் இரும்பொறை, இளஞ்சேரல் இரும்பொறை என்போரோடு பொருத்துவதா, புலவராகவும் விளங்கிய பாலை பாடிய பெருங்கடுங்கோ, மருதம் பாடிய இளங்கடுங்கோ என்போரோடு பொருத்துவதா என்னும் கருத்துவேற்றுமைக்கு இடமுண்டு. அவ்வேற்றுமை எப்பக்கம் தீரினும், சங்கப்பாடல் கூறும் சேரர்குடி கி. பி. முதல் நூற்றாண்டுகளில் வாழ்ந்தது என்பது அசையாது. 1981இல் திருக்கோவலூரை அடுத்த ஜம்பையிற் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டும் இவ்வாறே. அதியன் நெடுமான் அஞ்சி என்னும் சங்கப்பெயரும், அசோகன் கல்வெட்டில் வரும் சதியபுதோ என்னும் குடிப்பெயரும் அங்கே ஒருங்கே ஒருவனுக்கு வழங்குகின்றன.

உயர்தர வகுப்பிலும் பட்டப்படிப்பிலும் சிலப்பதிகாரக் காலத்தைப் பற்றி எழுதும் மாணவர் வழக்கமாக எழுதும் வாக்கியம் இது: ‘கஜபாகு மன்னன் செங்குட்டுவன் விழாவுக்கு வந்தமையாற் சிலப்பதிகாரம் 2ஆம் நூற்றாண்டில் எழுந்தது என அறிஞர் கூறுவர்.’ இவ்வொரு வாக்கியத்தில் மூன்று வேறு செய்திகள் பின்னிக்கிடக்கின்றன. விழாவுக்கு வந்தான் எனச் சிலப்பதிகாரம் கூறுகின்றது; அது நூற்செய்தி. வந்தவன் முதலாங் கஜபாகு, அது ஊகம். நூல் விழாக்காலத்திலேயே எழுந்தது. அது ஊகத்தின்மேல் ஊகம். செங்குட்டுவன் வாழ்ந்த காலமும் அவனைப் பற்றிய காப்பியம் எழுந்த காலமும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பதற்கு யாதொரு கட்டாயமுமில்லை. செங்குட்டுவன் 2ஆம் நூற்றாண்டினனாய் இருந்து, காப்பியம் 5ஆம் அல்லது 6ஆம் நூற்றாண்டிற் பிறந்திருத்தலும் கூடும். ‘அறிஞர் கூறுவர்’ என்று மாணவர் எழுதுமிடத்து, எவ்வறிஞர், எச்சான்றைத் தாமே கண்டு கூறினார் என ஆசிரியர் ஓரத்தில் ஒரு வினாக்குறி இடுவாராயின், மூன்றும் தாமாகவே பிரிந்துவிடும். புள்ளி குறைப்பதிலும் அவ்வினாக்குறி பயன் தரும்.

ஹுல்ஷ் கேட்ட அகக்காரணம் எத்தகையது என்பதற்கு எடுத்துக்காட்டு இந்நாட்டிலேயே உண்டு. கோணேசர் கல்வெட்டு என்னும் நூல், கயவாகு என்னும் அரசன் திருக்கோணமலைக் கோயிலின் பூசைக்குச் செய்த ஏற்பாடுகளைக் கூறுகின்றது. இங்கும் முதலில் எதிர்ப்படுவது பெயரொற்றுமையே. ஆயின் இரண்டாங் கஜபாகுவே இவன் எனக் கொள்வதற்குப் பெயருக்கு மேற்பட்ட காரணங்கள் உள. ஏறத்தாழ 1131 முதல் 1153 வரை ஆண்ட அம்மன்னன் தன் இறுதிநாளைக் கந்தளாயிற் கழித்தான் எனச் சூளவம்சம் கூறுகின்றது; கந்தளாயோ திருக்கோணமலைக்கு அயலது. மாறுபட்ட சமயத்தாரைப் பிறநாட்டிலிருந்து வருவித்தான் என்னும் குறையும் அந்நூலில் அவன்மேற் சாட்டப்படுகின்றது. சைவர்க்கு அவன் செய்த உதவியைச் சைவநூல் புகழ்வதும், பௌத்தநூல் அதனையே குற்றமாகக் கூறுவதும் ஒன்றையொன்று சாராத இரு சாட்சிகளாகும். பகைவர் வாய்ச்சாட்சிக்கு எந்நீதிமன்றத்திலும் மதிப்பு உண்டு. எனினும் கோணேசர் கல்வெட்டு அம்மன்னனுக்கு நெடுங்காலம் பிற்பட்டு எழுந்த நூல். ஆதலின் அது அவன் பெயரிற் கூறும் நிலதானங்களும் தொழும்பு முறைகளும் 12ஆம் நூற்றாண்டினவோ, நூல் எழுந்த காலத்து வழக்கங்கள் அவன்மேல் ஏற்றப்பட்டனவோ என்பது, ஒவ்வொன்றாக ஊர்ப்பெயரையும் சொல்வழக்கையும் வேறு கல்வெட்டுக்களோடு ஒப்பிட்டுத் துணியப்படவேண்டியதாய் உள்ளது.